'செரைக்கிறது' என்கிற வசவும் ஒரு சவரக்கத்தியும்

"மூணு வாரமா என்னதான் செரைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

2019 கடைசியில் ஒரு மீட்டிங்கில் எங்கள் மேலாளர் கேட்டது. ஒரு மாட்யூல் நேரத்துக்கு முடியவில்லை. ஏழு பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் அந்த வார்த்தை உறுத்தவில்லை. ஜூனியர் பசங்களிடம் நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வேலை வெட்டி இல்லாமல் சும்மா இருந்தாயா என்பதுதான் அர்த்தம். அதாவது தமிழில் 'சும்மா இருப்பது' என்பதற்கு நாம் வைத்திருக்கும் உவமை, இன்னொருத்தர் கழுத்து நரம்புக்கு அரை அங்குலம் தள்ளிக் கூரான எஃகை ஓட்டுகிற ஒரு வேலை.

இந்தப் பதிவு அந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றிய விமர்சனம். நடுவில் சினிமாவும் கொஞ்சம் வரும். ஆனால் அதிகம் வரப்போவது கத்தி தீட்டுவது பற்றித்தான். அந்த வசவு எவ்வளவு தப்பு என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

2020 மார்ச் கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்கு, அப்பா அம்மாவிடம் வந்துவிட்டேன். சலூன்கள் மூடிக் கிடந்தன. யூடியூபில் மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்ளும் வெள்ளைக்காரர்களின் வீடியோக்கள் கண்ணில் பட்டன. நல்ல வெளிச்சம், மரத்தட்டு, நுரை, பின்னணியில் பியானோ. அதை ஒரு தியானம், ஒரு கலை, அப்பன் பாட்டன் சொத்து என்றெல்லாம் பேசுகிறார்கள். ஆசை வந்துவிட்டது. பொட்டலப் போக்குவரத்து திரும்ப ஆரம்பித்ததும் ஒரு ஜெர்மன் கத்தியும் ஒரு தொங்கு வாரும் வாங்கினேன். பதினாலாயிரம் ரூபாய். வீட்டில் நாலாயிரம் என்று சொல்லியிருக்கிறேன். (அம்மா இந்த வலைப்பூவைப் படிப்பதில்லை.)

முதல் நாளே வாரை வெட்டினேன். இரண்டாம் நாள் கன்னத்தை.

கத்தியின் அமைப்பைச் சொன்னால்தான் தப்பு எங்கே நடக்கிறது என்று புரியும். சவரக்கத்தியில் முதுகு தடிமன், வாய் மெல்லிசு, நடுவில் இரண்டு பக்கமும் குழிவாக அரைத்திருப்பார்கள். கத்தியை மட்டமாகக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து தீட்டும் கோணத்தை முடிவு செய்துவிடும், சுமார் 16, 17 டிகிரி. சமையல் கத்தி மாதிரி கோணத்தை நம் மணிக்கட்டு பிடித்துவைக்க வேண்டியதில்லை. ஒரு எஞ்சினியராக இந்த இடத்தில் எனக்கு ஒரே குஷி. கருவிக்குள்ளேயே ஜிக் இருக்கிறது, நாம தப்பே பண்ண முடியாது என்று நினைத்தேன்.

தப்பு பண்ணலாம், விதவிதமாக. தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். மாற்றிச் செய்தால் தோல் அறுபடும். வாரின் கடைசிக்கு வந்ததும் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே உருட்டித் திருப்பணும். வாயின் மேல் திருப்பினால் அதுவரை தீட்டியது அத்தனையும் போச்சு. வாரைத் தொய்வாகப் பிடித்தால் தோல் வளைந்து வந்து வாயை உருண்டையாக்கிவிடும். அழுத்தினாலும் அதே கதைதான். வேகம் எல்லாம் கடைசியில் தானாக வருவது. ஆனால் வீடியோவில் முதலில் கண்ணில் படுவது வேகம்தான். டப்-டப்-டப் என்ற அந்தச் சத்தத்தைக் காப்பியடிக்கப் போய்தான் என் வார் வெட்டுப்பட்டது.

வார் கத்தியைத் 'தேய்ப்பதில்லை' என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. எஃகை அரைத்து எடுப்பது கல்லின் வேலை. சவரம் செய்த கத்தியின் வாய், கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கங்கே மடங்கியிருக்கும். வார் அதை நிமிர்த்தி மெருகேற்றுகிறது. பெரிய சில்லு போயிருந்தால் வாரால் ஒன்றும் ஆகாது, திரும்பக் கல்லுக்குத்தான் போகணும். மயிரை விட எஃகு சுமார் 50 மடங்கு கடினம். அப்புறம் ஏன் கத்தி மழுங்குகிறது? இந்தக் கேள்விக்கு எம்.ஐ.டி.யில் ஒரு குழு பதில் தேடி, 2020 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை போட்டார்கள். அதில் முதல் ஆசிரியர் தன் தாடியையே மலிவான பிளேடால் மழித்து, பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். தேய்மானத்தை விட விளிம்பில் சில்லுகள் தெறிப்பதுதான் காரணம் என்று தெரிந்தது. மயிர் நேராக நிற்காமல் வளைந்து கொடுக்கும்போது, எஃகின் உள்கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், விசை ஒரு பக்கமாகக் குவிந்து சில்லு பெயர்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது வேப்பமரத்தடி. 80களில் எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை மரத்தடியில் குந்தவைத்து முடிவெட்டுவார்கள். பெரியவர்களுக்குச் சவரம் செய்யும்முன் தண்ணியைத் தொட்டுத் தொட்டு ரொம்ப நேரம் தாடையைத் தேய்ப்பார் அந்த மனிதர். என் சித்தப்பா "வெரசா பண்ணுய்யா" என்று கத்துவார். கத்துனாலும் அவர் கை அதே வேகத்தில்தான் தேய்க்கும். தண்ணீர் குடித்த மயிரை அறுக்கப் பாதி விசைகூட வேண்டியதில்லை. தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்தால் மயிர் நிமிர்ந்து நிற்கும், வளைந்து கொடுக்காது. அந்தக் கட்டுரை சொல்லும் ஆபத்தான நிலைமை உருவாகாமல் இரண்டு விரலாலேயே பார்த்துக்கொண்டவர் அவர். கத்திக்கும் நல்லது, கன்னத்துக்கும் நல்லது.

அவரைத்தான் மே மாதம் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போய்ப் பார்த்தேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன். முதலில் நடந்தது அப்படி இல்லை. அப்பா ஆள் விட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். அவரும் வந்து, வாசலில், திண்ணைக்குக் கீழே நின்றார். அப்பா "என்னடா, இவனுக்கு ஏதோ கத்தி சொல்லிக் குடுக்கணுமாம், பாரு" என்றார். இரண்டு பேருக்கும் வயதில் நாலைந்து வருசம்தான் வித்தியாசம், அதிலும் மூத்தவர் யார் என்பது சந்தேகம். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் ஜெர்மன் கத்தியை வாங்கி, நகத்தில் வாயை லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்பு மொதலாளி. வாய்தான் செத்துக் கெடக்கு" என்றார். வாசலில் நின்றவாறே உள்ளங்கையில் இருபது முப்பது தடவை தீட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான் பாடம். நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரையும் உட்கார்ந்துகொண்டு கேட்கிற மாணவனையும் வைத்து வேறு எந்த வித்தையும் கற்க முடியாது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மறுவாரம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். ஊரின் மேற்குக் கடைசியில் ஓட்டு வீடு. கட்டிலை எடுத்துப் போட்டார்கள். அவரையும் உட்காரச் சொல்லி அடம்பிடித்தேன். அப்பா இல்லாத இடத்தில் 'மொதலாளி' போய்த் 'தம்பி' ஆகிவிட்டேன். நான் அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். சின்ன வயதில், பத்து வயசுப் பையனாக, பெயர் சொல்லி 'வா, போ' என்றுதான் அவரிடம் பேசியிருக்கிறேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். 'ஐயா' என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேணாம் தம்பி, ஊர்ல சிரிப்பாக. ஒங்க அப்பாருக்குத் தெரிஞ்சா சங்கடம்" என்றார். நான் விடவில்லை. அவர் வீட்டுக்குள் மட்டும் 'ஐயா', ரோட்டில் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பு. இதைப் பெருமையாக எழுதவில்லை. ரோட்டிலும் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

அவர் சொல்லித் தந்தது ரொம்பக் கொஞ்சம். "கத்திய அமுக்காத தம்பி. கன்னுக்குட்டி நெத்தியத் தடவுற மாதிரி போகணும், வரணும்." "சத்தத்தக் கேளு. ஒரே சத்தமா வரணும். நடுவுல கர்ருன்னா நிறுத்திரு." கோணத்துக்கு, "கத்தி முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவுல இன்னொரு முதுகு போற அளவு எடம் விடு." வீடியோக்காரர்கள் 30 டிகிரி என்கிறார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, இடது வலது மாறித் தெரியும்போது, 30 டிகிரியை யார் அளப்பது? இன்னொரு முதுகு போகும் இடத்தை விரல் தானாகக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

கன்னம் இரண்டு வாரத்தில் வந்தது. தாடைக்குக் கீழே இரண்டு மாதம். நாடி வளைவு நவம்பரில்தான் கைக்கு வந்தது. மேலுதடு இன்னும் பயம்தான். ஆறு மாதம் என்பது நான் ஒரு புது புரோகிராமிங் மொழியைக் கற்று அதில் சம்பளம் வாங்குகிற அளவுக்கு வர ஆகும் காலத்தை விட அதிகம். அதுவும் எனக்குத் தெரிந்த ஒரே முகத்தில், என் முகத்தில். அவர் ஒரு நாளில் பத்துப் பதினைந்து முகங்கள் பார்த்தவர். ஒவ்வொன்றிலும் மயிர் வேறு திசையில் முளைக்கும், ஒருத்தருக்கு மரு, இன்னொருத்தருக்கு அம்மைத் தழும்பு, மூன்றாமவர் நடுவில் திரும்பி ரோட்டில் போகிறவரோடு பேசுவார். என் வேலையில் தப்பு நடந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம்.

எனவே, மேலாளர் கேள்விக்கு இப்போது பதில்: "இல்லை சார், அந்த அளவுக்கெல்லாம் எங்களுக்குத் திறமை இல்லை."

இந்தச் சொல் எப்படி வசவானது? செயலில் ஒன்றும் இழிவு கிடையாது. எங்கள் பக்கம் வரப்பில் புல்லைச் செதுக்குவதையும் 'செரைக்கிறது' என்றுதான் சொல்வார்கள், சம்சாரி செய்யும்போது அது வசவாக ஆவதில்லை. மழித்தல் என்ற சொல்லுக்கும் குறையில்லை, 280-வது குறளிலேயே இருக்கிறது. நாம் திட்டுவதற்கு எடுத்துக்கொள்வது செயலை அல்ல, அதைச் செய்கிற ஆளை.

இன்னும் இரண்டு சொற்கள் எனக்கு உறுத்த ஆரம்பித்தன. ஒன்று தீட்டு. தீட்டுவது என்றால் கூராக்குவது. தீட்டு என்றால் விலக்கு. ஒரே ஒலி, இரண்டு வேறு அர்த்தம். எங்கள் வீட்டில் சவரம் செய்துகொண்டவர் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. கொல்லைப்புறம் சுற்றிப் போய்த் தலையில் தண்ணி ஊற்றிக்கொண்டுதான் வரணும். நான் குளியலறையில் எனக்கு நானே சவரம் செய்துகொண்டு வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதே மயிர், அதே கத்தி. மயிரில் தீட்டு இல்லை போல. தீட்டுத் தெரிந்தவர் தொட்டால்தான் தீட்டு.

இங்கே எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லணும். திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமணர், 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அய்யங்குளத்துக் கரையில் தலையை மழித்துக்கொண்டார். அப்போது பதினாறு வயது. மழித்தபின் குளிக்கணும் என்பது வழக்கம், அவர் குளிக்கவில்லை. கோயிலுக்குள் போகும்முன் மழை பெய்து நனைத்துவிட்டது என்று வாழ்க்கை வரலாறுகள் பரவசத்தோடு சொல்கின்றன. மழை பெய்தது பதிவாகியிருக்கிறது. கத்தி பிடித்தவரின் பெயர் நான் படித்த வரலாறுகள் எதிலும் இல்லை. சீடர்களில் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, ஆசிரமத்துப் பசுவுக்கே லட்சுமி என்று பெயர் உண்டு. ஒரு பையனைத் துறவியாக ஊர் பார்க்கும்படி செய்த முதல் கை யாருடையது என்று எழுதியவர்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது சொல் குடிமகன். மதுரை, ராமநாதபுரம் பக்கம் நாவிதரை இப்படித்தான் சொல்வார்கள், அவர் மனைவி குடிமகள். குடிமகன் சவரமும் செய்வார், சாவுச் சேதியும் சொல்வார், கல்யாணத்திலும் நிற்பார், கருமாதியிலும் நிற்பார். குடிமகள் பேறு பார்ப்பார். என் அப்பாவுக்குப் பேறு பார்த்தது இவருடைய பாட்டியாம். இதெல்லாம் புதுச் செய்தி இல்லை. 1909-ல் வந்த தர்ஸ்டன், ரங்காச்சாரி தொகுதிகளில் முதலாவதிலேயே, இவர்கள் வைத்தியமும் பார்ப்பவர்கள், பெண்கள் மருத்துவச்சிகள் என்று இருக்கிறது. மருத்துவர் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது அதனால்தான். கூலி களத்துமேட்டில், மரக்கால் கணக்கில். மழை பொய்த்தால் இந்த வானம் பார்த்த பூமியில் சம்சாரிக்கே கம்பு கிடையாது, குடிமகனுக்கு எங்கிருந்து வரும்? இன்றைக்குக் குடிமகன் என்றால் ஓட்டுரிமை உள்ளவர், அரசியல் சட்டத்தின் நாயகன். ஒரே சொல் அந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. சொல் வந்துவிட்டது. அவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழேதான் நிற்கிறார்.

சினிமாவுக்கு வருவோம். இந்தத் தொழிலைப் பெயரிலேயே வைத்த தமிழ்ப்படம் 'சவரக்கத்தி', 2018. மிஷ்கின் எழுதித் தயாரிக்க, அவர் தம்பி ஜி.ஆர்.ஆதித்யா இயக்கியது. ராம் சவரத் தொழிலாளி, மிஷ்கின் பரோலில் வந்த ரவுடி, மாலை ஆறு மணிக்குள் திரும்பணும். காது கேளாத, நிறைமாதக் கர்ப்பிணி மனைவியாக பூர்ணா. படம் எனக்குப் பிடிக்கும். ஒரு சவரத் தொழிலாளியை நாயகனாக, வாய்ச்சவடால்காரராக, பயந்தாங்கொள்ளியாக, அன்பானவராக, மொத்தத்தில் முழு மனிதனாகக் காட்டியதே பெரிய காரியம். ஆனால் கத்தி கற்றபிறகு திரும்பப் பார்த்தபோது ஒரு குறை உறுத்தியது. அந்தப் படத்தில் சவரக்கத்தி ஒரு குறியீடு. கொல்கிற கத்திக்கு எதிரான சாதுவான கத்தி. குறியீடாக ஆனதும் அது கருவியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. இரண்டு மணி நேரமும் துரத்தல், ஓட்டம். சவரமோ ஒரே இடத்தில் நின்று, மூச்சைக்கூட அடக்கிச் செய்கிற வேலை. அந்த நிற்றலை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருந்தால், அவருடைய கோழைத்தனத்துக்குப் பின்னால் இருக்கிற தைரியம் வசனம் இல்லாமலே புரிந்திருக்கும்.

'குசேலன்' (2008) அதை விட மோசம். மலையாள 'கத பறயும்போள்' கதை, தமிழில் பசுபதி, இந்தியில் அடுத்த வருசம் 'பில்லு'. மூன்றிலும் நாயகன் சவரக்கடைக்காரர், ஆனால் அவருடைய கைத்திறமையில் கதைக்கு அக்கறை கிடையாது. ஏழை என்று சட்டெனப் புரிய ஒரு தொழில் வேண்டும், அவ்வளவுதான். சைக்கிள் கடை என்று மாற்றினாலும் கதை ஓடும். இந்தியில் 'பில்லு பார்பர்' என்றுதான் பெயர் வைத்தார்கள். சலூன்காரர்கள் அந்தச் சொல்லே இழிவு என்று எதிர்த்ததும், ஷாருக் கான் தரப்பு 'பார்பர்' என்பதை நீக்கிவிட்டது. அன்றைக்கு அதைப் படித்து நான் சிரித்தேன், தொழிலின் பெயரைச் சொன்னால் என்ன என்று. இப்போது சிரிப்பு வரவில்லை. 'சாப்ட்வேர் எஞ்சினியர்' என்ற சொல்லை வைத்து யாரும் என்னைத் திட்டியதில்லை, அதனால் எனக்கு அந்தச் சொல்லை நீக்கக் கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை. இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது கலைவாணன் இ.எம்.எஸ். எழுதிய கவிதைத் தொகுப்பின் தலைப்பு: 'ஒரு சவரக்காரனின் கவிதை மயிருகள்'. திட்டுகிற சொல்லையே எடுத்து அட்டையில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். எனக்கு இரண்டு வழியும் புரிகிறது.

சவரத்தைச் சவரமாகக் காட்டிய காட்சி என்றால் எனக்குத் தெரிந்து சாப்ளினுடையதுதான். 'தி கிரேட் டிக்டேட்டர்', 1940. ரேடியோவில் பிராம்ஸின் ஹங்கேரியன் டான்ஸ் ஐந்தாவது ஓடுகிறது, அதற்கேற்ப யூத நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்கிறார். சிரிப்புக் காட்சிதான். ஆனால் சிரிப்பு நாவிதரின் ஏழ்மையிலிருந்தோ சாதியிலிருந்தோ வரவில்லை, கையிலிருந்து வருகிறது. கை எங்கே நிற்கும், எங்கே பாயும் என்று தெரிந்த ஒருவரால்தான் அதைக் கிண்டலாகவும் ஆட முடியும்.

அந்த 1940 முடிகிற அன்று, டிசம்பர் 31, சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் உயிர் விட்டவர் விஸ்வநாததாஸ். சிவகாசியில் 1886-ல் பிறந்தவர், மருத்துவர் சமூகம். வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடி ஜெயிலுக்குப் போனவர். சாதியைச் சொல்லி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. ஐயா வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மயிலோடு இருக்கிற ஒரு படத்தை நான் ரொம்ப நாள் முருகன் என்றே நினைத்திருந்தேன். "அது தாஸு தம்பி" என்றார் ஒருநாள், அதற்கு மேல் விளக்கவில்லை.

இவ்வளவு எழுதியதால் மடக்குக் கத்தி திரும்ப வரணும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கடைகளில் வரவே கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவின் ஆய்வில். அதற்குப் பிறகு 90களில் எங்கள் ஊருக்கும் அரை பிளேடு வந்துவிட்டது. இரட்டை முனை பிளேடைக் காகிதத்தோடு நீளவாக்கில் ஒடித்து, பாதியைப் பிடியில் செருகி, ஆளுக்கொரு பிளேடு. ஒரே கத்தி பத்துக் கன்னத்தில் ஓடுவதை விட அது ஆயிரம் மடங்கு நல்லது. கூடவே வாரும் கல்லும் அடப்பத்திலிருந்து வெளியே போய்விட்டன. ஐயாவின் மகனுக்குத் தீட்டத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். "அவன் இதுக்கு வரலங்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது" என்று ஐயா சொன்னபோது குரலில் உண்மையாகவே வருத்தம் இல்லை. வருத்தம் எனக்குத்தான் இருந்தது. அது ஓசியில் வருகிற வருத்தம். அந்தத் தொழிலை நான் சோற்றுக்காகச் செய்ததில்லை.

வெள்ளைக்கார வீடியோக்கள் மேல் எனக்கு இருக்கிற விமர்சனமும் இதுதான். அவற்றில் தகவல் தப்பில்லை. வார், கல், நுரை எல்லாம் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் தன் கன்னத்தில் தானே ஓட்டினால் கலை, அடுத்தவன் கன்னத்தில் கூலிக்கு ஓட்டினால் கேவலம் என்கிற கணக்கு நம்ம ஊரில் இருக்கிறது. பதினாலாயிரம் கொடுத்து நான் வாங்கிய கத்தி என்னை எந்தப் பக்கம் நிறுத்துகிறது என்று யோசிக்காமலே ஒரு வருசம் அதை இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருசம் ஐயாவுக்குக் கண்புரை முற்றி, ஆபரேஷன் ஆகி, இப்போது வேலையை நிறுத்திவிட்டார். அப்பாவுக்குக் கை நடுக்கம், தானாகச் சவரம் செய்துகொள்ள முடியாது, அருப்புக்கோட்டை சலூனுக்குப் போகவும் மனசில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானே செய்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மா "புள்ளதான, பண்ணட்டும்" என்றாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் நின்றேன்.

வெந்நீரைத் தொட்டுத் தொட்டு ரொம்ப நேரம் தேய்த்தேன். வாரில் அறுபது. எழுபத்தெட்டு வயசுத் தோல் இழுத்த இழுப்புக்கு வருகிறது, விட்டால் மடிப்பு மடிப்பாகத் திரும்பிவிடுகிறது. என் முகத்தில் கற்றதில் பாதி அங்கே செல்லவில்லை. கழுத்தில் கத்தி வைத்தபோது என் கை நடுங்கியது, அப்பா நடுங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தைந்து நிமிசம். இரண்டு இடத்தில் லேசாக ரத்தம், படிகாரத்தைத் தேய்த்தேன்.

தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவன் கை வரல ஒனக்கு" என்றார்.

இன்னும் 'அவன்'தான். கொல்லைப்புறம் சுற்றிக் குளிக்கப் போனார்.